எம்.டி.டி. மாத்திரை அட்டை: 12 மாசம் சாப்ட்டவனோட ரிவ்யூ (நடுவுல எம்.ஆர்.ராதா வருவார்)

மிக்ஸிக்கு ரிவ்யூ இருக்கு, பிரியாணி கடைக்கு இருக்கு, இதுக்கு மட்டும் தமிழ்ல ஒண்ணுகூட என் கண்ணுல படல, சரி நாமளே எழுதுவோம்னு உக்காந்துட்டேன். தொழுநோய்க்கு கவர்மென்ட்ல ஃப்ரீயா குடுக்கற, எம்.டி.டி.ங்கற கூட்டு மருந்து அட்டை. ஆமாங்க, குஷ்டம்தான். படிச்சதும் போனை கொஞ்சம் தள்ளிப் புடிச்சீங்கன்னா கோவமில்ல, டாக்டர் சொன்னப்ப எனக்கே முதல்ல ஞாபகம் வந்தது எம்.ஆர்.ராதா தொழுநோயாளியா நடிச்ச ரத்தக்கண்ணீர்தான்.

எங்க வீட்ல அந்தப் படம் குடும்பச் சொத்து மாதிரி. மாமா ஒருத்தர் இருக்கார், எந்தக் கல்யாணமானாலும் முந்தின நாள் ராத்திரி துண்டைப் போத்திக்கிட்டு, விரலை மடக்கி, உடம்பெல்லாம் சொறிஞ்சுக்கிட்டு "காந்தா..."ன்னு இழுப்பார், மண்டபமே விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்குத் தெரிஞ்ச தொழுநோய் அவ்ளோதான். அரிக்கும், விரல் மடங்கும், ஊர் மேஞ்சவனுக்கு வரும்.

எனக்கு அரிக்கவே இல்ல, சிக்கலே அதான். முதுகுல நாலு, முன்கையில ரெண்டு, கெண்டைக்கால்ல ஒண்ணு, லேசா வெளிறின மாதிரி. அம்மா தேமல்னாங்க. ஒரு கிளினிக்ல (பேரு வேணாம்) தொட்டுக்கூட பாக்காம படர்தாமரைன்னு ஆறு மாசம் ஆயின்மென்ட் தடவ விட்டாங்க. அப்புறம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து பேன்ட்டை மாத்தி லுங்கி கட்டறேன், தங்கச்சி கத்தறா, கால்ல எலுமிச்சம்பழ சைஸுக்கு கொப்புளம். பைக் சைலன்சர் சுட்டிருக்கு, எனக்கு எப்ப சுட்டதுன்னே தெரியல.

ஜி.எச்ல டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லி, பால்பாயின்ட் பேனா முனையால தொடுவேன், தொட்ட எடத்தை விரலால காட்டுங்கன்னாங்க. நான் இன்னும் ஆரம்பிக்கலன்னு நெனச்சு சும்மா உக்காந்திருக்கேன். கண்ணைத் தொறந்து பாத்தா கால்ல ஏழெட்டு நீல மைப் புள்ளி. அப்புறம் முழங்கைக்குப் பின்னாடி நரம்பை உருட்டிப் பாத்துட்டு தடிச்சிருக்குன்னாங்க. அஞ்சுக்கு மேல படை இருக்கறதால 12 மாசம், 12 அட்டை.

இப்ப ப்ராடக்ட். ஒரு அட்டை 28 நாளைக்கு. முதல் நாள் டோஸ் தனியா இருக்கும், ரிஃபாம்பிசின், க்ளோஃபாசிமின், டாப்சோன் சேத்து ஆறு உருப்படி, அதை சிஸ்டர் முன்னாடியே முழுங்கணும். மத்த 27 நாளும் வீட்ல டெய்லி ரெண்டே ரெண்டு, பிரவுன் கலர்ல ஒரு குட்டி கேப்சூல், வெள்ளையா ஒரு மாத்திரை. விலை சைபர். மருந்து ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே அடுத்தவங்களுக்குப் பரவறது நின்னுடும்னாங்க, வீட்ல இருக்கறவங்களுக்கும் முன்னெச்சரிக்கையா ஒரே ஒரு டோஸ் குடுத்தாங்க. தனித் தட்டு, தனி டம்ளர்லாம் வேணாம்னு அம்மாகிட்ட நேராவே சொல்லிட்டாங்க, அம்மா தலையாட்டிட்டு வந்து ஒரு மாசம் தனி டம்ளர் வெச்சாங்க, அது வேற கதை.

மைனஸும் சொல்லணும். முதல் டோஸ் அன்னிக்கு யூரின் செக்கச் செவேல்னு போச்சு, முன்னாடியே சொல்லியிருந்தும் பக்குன்னு ஆயிடுச்சு. க்ளோஃபாசிமின் தோலைக் கருப்பாக்கும், எனக்கு மூணாவது மாசத்துலேர்ந்து மூஞ்சி நல்லாவே கறுத்துருச்சு (மருந்தை நிறுத்தினப்புறம் மெதுவா தெளியும்). வியாதிய மறைக்க ஃபுல் ஹேண்ட் சட்டை போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன், கடைசில மருந்தோட கலரை வெச்சு எல்லாரும் என்னன்னு கேக்க ஆரம்பிச்சாங்க.

கேட்டவங்கள்ல பெரியப்பா ஒருத்தர்தான் என்னைத் தூக்கம் வராம பண்ணார். மாடிக்குக் கூட்டிட்டுப் போய் கதவைச் சாத்திட்டு, "எங்கயாச்சும் போனியாடா?"ன்னு கேட்டார். முதல்ல புரியவே இல்ல. அப்புறம்தான் புரிஞ்சுது, அவர் மனசுல ஓடறது அந்தப் படத்துல ராதா பண்ண மோகனசுந்தரம் கதை. பொண்டாட்டிய விட்டுட்டு காந்தா வீடே கதின்னு கெடந்தவனுக்கு வியாதி வருது, அப்ப இது அந்த மாதிரி வியாதிதானேன்னு கணக்கு. ஆனா இது மூச்சுல, ரொம்ப நாள் கூடவே இருக்கறவங்ககிட்டேர்ந்து வர்ற ஒரு கிருமி, பெரும்பாலானவங்க உடம்பு அதைத் தானாவே சமாளிச்சுக்கும், உள்ள வந்தாலும் வெளிய தெரிய வருஷக்கணக்காகும். ஹான்சன்ங்கற நார்வே டாக்டர் அந்தக் கிருமியைக் கண்டுபுடிச்சது 1873-ல. படம் 1954.

எனக்கு நெஜமாவே கடுப்பானது வேற ஒரு வருஷக் கணக்கு. என் அட்டைல இருக்கற அதே டாப்சோனை காக்ரேன்ங்கற டாக்டர் 1946-லயே செங்கல்பட்டுல தொழுநோயாளிகளுக்குக் குடுத்துப் பாத்துட்டார். வேலூர் சி.எம்.சி.யில பால் பிராண்ட் அதே காலத்துல மடங்கிப்போன விரலை ஆபரேஷன் பண்ணி நிமித்திக்கிட்டு இருந்தார். கோடம்பாக்கத்துலேர்ந்து செங்கல்பட்டு ஒரு பாசஞ்சர் ட்ரெயின் தூரம்ங்க. மோகனசுந்தரத்தை அந்த ட்ரெயின்ல ஏத்தி விட்டிருந்தா கதை முடிஞ்சிருக்கும், ஆனா தண்டனை இல்லன்னா கதையே நிக்காதே, கடைசில என்னைப் பாத்து ஊர் திருந்தட்டும், சிலை வைங்கன்னு கேக்கற ஆளுக்கு மாத்திரை குடுத்தா எப்படி. அறுபது வருஷத்துக்கு மேல, 2019 வரைக்கும், தொழுநோயைக் காரணம் காட்டி நம்ம நாட்டுல டைவர்ஸ் கேக்க சட்டத்துலயே எடம் இருந்துச்சு, அதுக்கு ஒரு படத்தை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டுக்காரனும் யோக்கியம் இல்ல. 2012-ல ஆர்ட்மேன் கம்பெனி ஒரு பைரேட்ஸ் கார்ட்டூன் ட்ரெய்லர்ல தொழுநோயாளி கை கழண்டு விழற மாதிரி ஜோக் வெச்சு, எதிர்ப்பு வந்து மாத்துனாங்க. கை கழண்டெல்லாம் விழாதுங்க. உணர்ச்சி இல்லாததால சுட்டது, குத்துனது தெரியாம புண்ணாகும், கவனிக்காம விட்டாத்தான் விரல் போகும், என் சைலன்சர் கதை மாதிரி. உருப்படியா ஒண்ணு பாக்கணும்னா யோமெதீன்னு 2018-ல வந்த எகிப்து படம், தொழுநோய் வந்து குணமான ஒருத்தரே, ராடி கமால்னு, ஹீரோவா நடிச்சிருக்கார். கழுதை வண்டியில சொந்தக்காரங்களைத் தேடிப் போறார். முதல் பத்து நிமிஷம் அவர் மூஞ்சியைப் பாத்தேன், அப்புறம் கழுதைக்கு என்ன ஆகுமோன்னு பாக்க ஆரம்பிச்சுட்டேன்.

ரேட்டிங்: அட்டைக்கு 5-க்கு நாலரை, அந்த அரை மார்க் மூஞ்சி கறுத்ததுக்கு. படை எல்லாம் மங்கிருச்சு, கால்ல அந்த எடம் மட்டும் இன்னும் மரத்துதான் கெடக்கு, சீக்கிரம் வந்திருந்தா அதுவும் தப்பிச்சிருக்கும்னாங்க. தேமல் மாதிரி இருந்து தொட்டா தெரியலன்னா ஆயின்மென்ட் வாங்கப் போகாதீங்க, நேரா பி.எச்.சி. போங்க. ரத்தக்கண்ணீருக்கு என்ன போடறதுன்னு தெரியல, அந்த மனுஷன் நடிப்புக்கு அஞ்சுக்கு அஞ்சு குடுக்காம இருக்க முடியல.

கடைசி அட்டை முடிஞ்ச அதே மாசம் சித்தி பையன் கல்யாணம். முந்தின ராத்திரி பசங்கல்லாம் மாமாவைப் புடிச்சு இழுத்தாங்க, அவரும் துண்டைப் போத்திட்டு எந்திரிச்சார், என்னைப் பாத்தார், "முட்டி வலிக்குதுடா"ன்னு துண்டை மடிச்சு தோள்ல போட்டுக்கிட்டு உக்காந்துட்டார். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவரு நல்லா பண்ணுவார்.