சிறுகுறிஞ்சான்: நாலு வருஷம், ஒரு பெயின்ட் வாளி, எண்ணற்ற கெட்டுப்போன காபிகள்

போன வாரம் பழைய நண்பன் ஒருவன் ஃபோன் செய்தான். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ‘பார்டர்’ என்று வந்துவிட்டதாம். “உன் மொட்டை மாடியில ஒரு கொடி வச்சிருந்தியேடா, மென்னா இனிப்பே தெரியாதுன்னு சொல்லுவியே, அது நல்லதா? பொடி வாங்கவா, செடி வைக்கவா?” என்றான். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். நாலு வருஷம் குடும்பம் நடத்தியவனிடம் அந்தம்மா நல்லவரா என்று கேட்டால் சட்டென்று என்ன சொல்வது?

சிறுகுறிஞ்சானைப் பற்றிப் பெரிய அறிமுகம் தேவையில்லை. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் சர்க்கரைக்கொல்லி என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். வடக்கே குட்மார், அதாவது வெல்லத்தைக் கொல்வது. ஆயுர்வேதக்காரர்கள் மதுநாசினி என்றும் மேஷசிருங்கி என்றும் சொல்வார்கள்; காய் ஆட்டுக்கொம்பு மாதிரி இருப்பதால் இரண்டாவது பெயர். மாடிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் “இதுதான் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்குமா?” என்று கேட்கிறார்கள். அது குறிஞ்சி. இது குறிஞ்சான். இதன் பூ மஞ்சளாக, மிளகு அளவுக்கு இருக்கும். அதைப் பார்க்க யாரும் மலையேற மாட்டார்கள்.

நத்தம் பக்கத்தில் உறவினர் தோட்டத்து வேலியிலிருந்து நாலு குச்சி வெட்டி வந்து ஒரு பழைய பெயின்ட் வாளியில் நட்டேன். மூன்று பட்டுப்போயின. நாலாவது ஆறு மாதம் இரண்டே இலையோடு நின்று என் பொறுமையைச் சோதித்தது. ஒரு மழைக்காலம் கழிந்ததும் என்ன தோன்றியதோ, துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு மதுரை வெயிலையும் தாங்கியது, நான் ஊருக்குப் போன பத்து நாள் தண்ணீர் இல்லாததையும் தாங்கியது. மாவுப்பூச்சி ஒருமுறை வந்தது; தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததில் போய்விட்டது. வளர்ப்பு விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை எல்லாம் நாக்கில்தான்.

இரண்டு இலையை நன்றாக மென்று, சாற்றை வாய் முழுக்க ஒரு நிமிஷம் சுழற்றித் துப்பினாலோ விழுங்கினாலோ, அடுத்த முக்கால் மணி நேரத்துக்கு இனிப்பு என்று ஒன்று உலகத்தில் கிடையாது. இலையில் இருக்கும் ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஒரு ஸ்பூன் சீனியை வாயில் போட்டால் நறநறவென்று ஆற்று மணல். வாழைப்பழம் உப்பில்லாமல் அவித்த கிழங்கு. லட்டு என்றால் நெய்யில் பிசைந்த மாவு, நடுவில் ஒரு கிராம்பு. மாம்பழத்தில் புளிப்பு மட்டும் தனியாக நிற்கும். அதுவரை மாம்பழத்தில் அவ்வளவு புளிப்பு இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

முதல் வருஷம் இது பெரிய விளையாட்டு. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு இலை கொடுத்து ஒரு கடலை மிட்டாயை நீட்டுவேன். ஒருநாள் இலையை மென்றுகொண்டே கிளம்பிப் போய் ஜிகர்தண்டா குடித்தேன். ஜில்லென்ற பால், அதில் வழவழவென்று கடல்பாசி, மேலே குளிர்ந்த மெழுகு மாதிரி ஐஸ்கிரீம். இவ்வளவு நாள் இதற்கா வரிசையில் நின்றோம் என்று இருந்தது. சீனி எவ்வளவு ஓட்டையை மூடி மறைக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த ஒரு அனுபவத்துக்காகவே இந்தச் செடியை வைக்கலாம் என்று அப்போது பத்து பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

இந்த விளையாட்டை ஒரு வெள்ளைக்காரர் எனக்கு முன்பே ஆடிவிட்டார். டேவிட் ஹூப்பர் என்று ஒருவர், ஊட்டியில் சின்கோனா மரப்பட்டையையும் அதிலிருந்து எடுக்கிற கசப்பான மலேரியா மருந்தான கொய்னாவையும் ஆராய்கிற அரசாங்க வேலையில் இருந்தவர். 1887இல் இந்த இலையை ஆராய்ந்து, சர்க்கரை மணல்போல் இருக்கிறது, இனிப்பு ஆரஞ்சு எலுமிச்சைபோல் புளிக்கிறது என்று எழுதினார். கொய்னாகூடச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகிவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறார். அங்கேதான் எனக்கும் அவருக்கும் தகராறு. என் நாக்கில் கசப்பு ஒரு துளிகூடக் குறைவதில்லை. குறைந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையையே எழுதியிருக்க மாட்டேன்.

ஏனென்றால் காபி.

சர்க்கரை குறைய வேண்டுமானால் வெறும் வயிற்றில் மெல்ல வேண்டும் என்றார்கள். காலை ஐந்தரைக்கு மாடியில் இலை, ஆறு மணிக்குக் காபி. டிகாஷனிலிருந்து இனிப்பை உருவிவிட்டால் என்ன மிஞ்சும் என்று நினைக்கிறீர்கள்? கருகிய வாசனையோடு ஒரு கசப்பு, பின்னாலேயே பாலின் பச்சை வாடை. ஒரு மாதம் சகித்தேன். சீனியால்தானே தொல்லை என்று சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் மாத்திரையைப் போட்டுப் பார்த்தேன். அதன் இனிப்பையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. காபி குடித்த பிறகு மென்று பார்த்தேன். அப்போது ‘வெறும் வயிறு’ போச்சு, அதோடு அலுவலகத்துக்கு ஓடுகிற அவசரத்தில் வாரத்தில் நாலு நாள் மறந்துபோச்சு. பதினொரு மணிக்கு டீ, நாலு மணிக்கு டீ. இந்தக் கொடிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க என் நாளில் இடமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. “காலையில எந்திரிச்சு என் காபியைக் குறை சொல்றதுக்குன்னே ஒரு செடி வளர்க்கிறீங்க” என்று வீட்டில் பேச்சு. அதில் நியாயம் உண்டு.

சரி, பொடிக்கு மாறலாம் என்று ஒரு கடையில் பாக்கெட் வாங்கினேன். பச்சைப் பசேல் என்று அழகாகத்தான் இருந்தது. ஒரு சிட்டிகையை நாக்கில் தடவிச் சீனியைப் போட்டேன். சீனி சீனியாகவே இனித்தது. பழைய சரக்கா, வேறு இலையா தெரியாது. கடைக்காரரிடம் கேட்டதற்கு “உடனே தெரியாது சார், நாற்பத்தெட்டு நாள் சாப்பிடணும்” என்றார். எது தெரியாவிட்டாலும் இது உடனே தெரியும் ஐயா, வேறெந்த மூலிகைக்கும் இவ்வளவு சுலபமான சோதனை கிடையாது. நண்பனுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: பொடி வாங்கினால் நாக்கில் தடவிப் பார்க்காமல் பணம் கொடுக்காதே.

இப்போது அவன் உண்மையில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சர்க்கரை குறைந்ததா? ஆரம்பிக்கும்போது என் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 6.2 சதவீதம். ஒரு வருஷம் கழித்து 5.9. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வருஷம்தான் நடைப்பயிற்சியும் ஆரம்பித்தேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் வருஷம் 6.8. டாக்டர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எழுதினார். இலை மெல்வதைச் சொன்னேன். மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அதிகம் இறங்கிவிடலாம், என்னிடம் சொல்லாமல் இலையின் அளவைக் கூட்டாதீர்கள் என்றார்.

ஆராய்ச்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்து ஆட்களே 1990இல் ஒன்று வெளியிட்டார்கள். 22 நீரிழிவுக்காரர்களுக்கு, அவர்கள் சாப்பிட்டுவந்த மாத்திரையோடு சேர்த்து, இந்த இலையின் சாரத்தை தினமும் 400 மில்லிகிராம் வீதம் ஒன்றரை வருஷத்துக்கு மேல் கொடுத்ததில், ஐந்து பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்ததாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 22 பேர் என்பது எங்கள் தெருக் கல்யாணத்தில் ஒரு பந்திக்குக்கூடக் காணாது. அதோடு அவர்கள் சாப்பிட்டது அளந்த சாரம், நான் மென்றது மாடியில் கைக்கு அகப்பட்ட இலை.

என் கதையில் கோளாறு வேறு இடத்தில். இலை மென்றால் இனிப்பு பிடிக்காது, உண்மை. உப்பும் காரமும் அப்படியே பிடிக்கும், அதுவும் உண்மை. நான் அல்வாவைத் தொடாமல் எழுந்த பெருமையில் மிக்சரையும் பரோட்டாவையும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். இட்லியை எண்ணாமல் சாப்பிட்டேன். சோற்றுக்கு முன்னால் இந்தச் செடி ஒன்றும் செய்யாமல் பேசாமல் நின்றது. அதைக் குறை சொல்லி என்ன? அதன் பெயர் சர்க்கரைக்கொல்லி, பரோட்டாக்கொல்லி என்று யாரும் சொல்லவில்லை.

நேற்று இரவு நண்பனுக்கு எழுதிவிட்டேன்: “வேண்டாம்டா. டாக்டரைப் பார், நட, ராத்திரிச் சோற்றைக் குறை. காலைக் காபியையாவது நிம்மதியாகக் குடி.” அனுப்பிவிட்டு மாடிக்குப் போனால் பெயின்ட் வாளி அடியில் வெடித்து, வேர் தரையோட்டின் இடுக்கைத் தேடிக்கொண்டிருந்தது. காலையில் பெரிய சிமென்ட் தொட்டி ஒன்று வாங்கி வந்தேன். தொட்டி 450 ரூபாய், மாடிக்குத் தூக்கிக் கொடுத்த ஆட்டோக்காரருக்குத் தனியாக 100. காபி ஆறிப்போயிருந்தது.