அல்டோ 800: அழகுபடுத்துவதா, வலுவேற்றுவதா, விற்பதா?

கொழும்பில் சின்னக் கார் வைத்திருப்பவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. தோற்றத்தை மாற்றலாம். எஞ்சினின் வலுவைக் கூட்டப் பார்க்கலாம். வெளியே தெரியாத டயர், பிரேக், ஷொக் அப்சோபர் ஆகியவற்றைத் திருத்தலாம். விற்றுவிட்டு அடுத்த காருக்கும் போகலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் நான்காவது வழி பலருக்கு எட்டாமலே போனது. இருந்த காரையே வைத்துக்கொண்டார்கள். அந்தக் கார்களுக்கும் வயதேறியது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குக் கதவு மீண்டும் திறந்ததால், காசைப் பழைய காரில் போடுவதா, புதியதற்குச் சேர்ப்பதா என்று இப்போதுதான் உண்மையாக ஒப்பிட முடிகிறது.

அளவுகோலாக மாருதி சுசூகி அல்டோ 800ஐ எடுத்துக்கொள்கிறேன். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் அடிக்கடி கண்ணில் படும் கார் அது. 796 சீசீ, மூன்று சிலிண்டர், 48 குதிரைவலு, ஏறக்குறைய 700 கிலோ எடை. 2019க்கு முந்திய வண்டிகளில், திடீர்ப் பிரேக்கில் சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது.

முதலில் எஞ்சின். இளைஞர்களின் ஆசை அங்கேதான் போகிறது. என் அக்காவின் மகனும் அப்படித்தான் கேட்டான்: "மாமா, சைலன்சரையும் எயார் ஃபில்டரையும் மாற்றினால் இழுவை கூடும் என்கிறார்களே?" அவனுக்குச் சொன்னதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன். காற்றை அமுக்கி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சினில் இந்த மாற்றங்களால் 5 வீதம் கூடினால் அதுவே பெரிய விஷயம். 48இல் 5 வீதம் என்பது இரண்டரைக் குதிரைவலுகூட இல்லை. பின் ஆசனத்தில் ஒரு ஆள் ஏறி அமர்ந்தால் அந்த இலாபம் அங்கேயே கரைந்துவிடும். அந்தச் சிறு கூடுதலும் எஞ்சின் உச்சச் சுழற்சியில் ஓடும்போதுதான் தலைகாட்டும். காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சந்தி சிக்னலிலிருந்து கிளம்பும்போது நமக்கு வேண்டியது தாழ்ந்த சுழற்சியில் கிடைக்கும் இழுவை. புகைக்குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் குறைவது அதுதான்.

திறந்த வகைக் கூம்பு ஃபில்டருக்கு இன்னொரு குறையும் உண்டு. எஞ்சின் அறைக்குள் இருந்தபடி அது சூடான காற்றை உறிஞ்சுகிறது. உள்ளே போகும் காற்று 10 பாகை சூடேறினாலே அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 வீதம் குறையும். கொழும்பு வெயிலில், நெரிசலில் நின்று நகரும் காரில் 10 பாகை மிகச் சாதாரணம். கம்பனி பொருத்திய ஃபில்டர் பெட்டி, முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கவே வடிவமைக்கப்பட்டது. அதைக் கழற்றி எறிய யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

சத்தத்துக்காக, புகையின் நச்சைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரை அகற்றுபவர்கள் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் மாட்டுவார்கள். பெற்றோல் கார்களில் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். கொன்வேர்ட்டர் குறைப்பதும் அவற்றைத்தான். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. ஒக்டேன் 95 பெற்றோலும் இந்த எஞ்சினுக்கு வலு தராது. அது அதிக அமுக்கத்தில் முன்கூட்டியே வெடிப்பதைத் தடுக்கும் எரிபொருள். 92இலேயே அமைதியாக ஓடும் எஞ்சினுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

எஞ்சினையே மாற்றினால் பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் மாற வேண்டும். அந்த அலைச்சலுக்கும் செலவுக்கும் பதில் சுசூகியே செய்து வைத்திருக்கிறது: அல்டோ கே10. 998 சீசீ, 68 குதிரைவலு, எடை 750 கிலோ அளவில். இழுவைதான் குறை என்றால் 800ஐ விற்றுக் கே10 வாங்குவது எந்தக் கராஜ் வேலையையும் விட நேரான தீர்வு.

தோற்றத்துக்கு வருவோம். அலோய் வீல் போட்ட சின்னக் கார் அழகாகத்தான் இருக்கிறது. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். அல்டோ 800இன் டயர் 145/80 ஆர்12: அகலம் 145 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் 80 வீதம், ரிம் 12 அங்குலம். அதன் விட்டம் ஏறக்குறைய 537 மில்லிமீற்றர். 13 அங்குலச் சில்லுக்கு 155/65 போட்டால் 532, 14 அங்குலத்துக்கு 165/55 போட்டால் 537. இரண்டிலும் ஸ்பீடோமீற்றர் பொய் சொல்லாது. அதற்குமேல் பெரிதாக்கினால் சில்லு மட்காட்டில் உரசும், வேகமானி குறைத்துக் காட்டும், கூடிய எடையை அந்த 48 குதிரைகளே இழுக்க வேண்டும். 14 அங்குலத்தில் டயரின் பக்கச்சுவர் 116 மில்லிமீற்றரிலிருந்து 91க்கு இறங்குகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். தோண்டி மூடிய குழிகள் நிறைந்த நம் வீதிகளில் ரிம் வளைவது அதனால்தான். எனக்குக் கேட்டால் 13 அங்குலம் போதும்.

காரைத் தாழ்த்துவதை மட்டும் நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். தரையிலிருந்து இந்தக் காருக்கு உள்ள இடைவெளி 160 மில்லிமீற்றர். ஒழுங்கைக்கு ஒழுங்கை வேகத்தடையும், ஒரு மணிநேர மழைக்கே நீர் தேங்கும் வீதிகளும் உள்ள நகரத்தில் அதைக் குறைப்பது தண்ணீரை எஞ்சினுக்கு அருகில் அழைப்பதாகும். செலவு குறைவென்று ஸ்பிரிங்கை வெட்டுவது இன்னும் மோசம். குழியில் விழுந்து எழும்போது வெட்டிய ஸ்பிரிங் தான் பொருந்தியிருக்கும் இடத்தை விட்டு நழுவலாம். இதை உயிரோடு விளையாடும் வேலை என்றே சொல்வேன்.

சட்டப் பக்கமும் இறுகி வருகிறது. 2025 ஜனவரியில் க்ளீன் ஸ்ரீலங்கா வேலைத்திட்டத்தோடு, பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியிருந்தவற்றைப் பொலிஸார் கழற்றவைத்ததை எல்லோரும் பார்த்தோம். கண்ணைக் கூசவைக்கும் விளக்கும் அதிரும் சைலன்சரும் கார்களிலும் எளிதில் கவனத்தை இழுக்கும். லீசிங்கில் உள்ள கார் என்றால் சட்டப்படி முழு உரிமையாளர் லீசிங் கம்பனிதான். பெரிய மாற்றத்துக்கு அவர்களின் சம்மதம் வேண்டும். காப்புறுதிக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள். அறிவிக்காத மாற்றம் இழப்பீட்டு வேளையில் வழக்காகும்.

மூன்றாவது வழியில் பெருமைப்பட்டுக் காட்ட எதுவும் இல்லை. ஆனால் கையில் இருக்கும் காசை நான் முதலில் போடுவது அங்கேதான். நான்கு நல்ல டயர், புதிய முன் பிரேக் பேட், பின் ட்ரம்மின் ஷூ, தேய்ந்த ஷொக் அப்சோபர். ஏபிஎஸ் இல்லாத காரில் மழையன்று பேஸ்லைன் வீதியில் திடீரென நிறுத்த வேண்டி வந்தால் உங்களைக் காப்பது டயர் மட்டுமே. பஞ்சிகாவத்தையில் ரிம்மோடு விற்கும் பாவித்த டயர்கள் மேலே புதிதுபோலத் தோன்றும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அவ்வளவு பழைய ரப்பர் பூ நிறைய இருந்தாலும் இறுகிப் போயிருக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடலோர நகரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. இவற்றோடு ஸ்பார்க் பிளக், எயார் ஃபில்டர், த்ரொட்டில் சுத்தம் ஆகியவற்றையும் முடித்தால், இழுவை போய்விட்டது என்று புலம்பிய பல கார்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏசியை நிறுத்தி இரண்டாம் கியரில் ஏறினால் போதும்.

விற்று வாங்குவதென்றால் கொழும்பில் பேச்சு உடனே டொயோட்டா விட்ஸுக்கும் ஜப்பானிய சுசூகி வேகன் ஆருக்கும் போகும். வலுவுக்காக இவற்றை வாங்குவோர் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு லீற்றர் விட்ஸ் 69 குதிரைவலு, 970 கிலோ அளவு. ஆயிரம் கிலோவுக்குக் கணக்கிட்டால் 71 குதிரைவலு. அல்டோவுக்கு 68 அல்லது 69. ஓட்டுநர் தனியாக இருக்கும்போது வித்தியாசம் தெரியாது. நான்கு பேர் ஏறி 300 கிலோ கூடினால் விட்ஸ் 54இல் நிற்கும், அல்டோ 48க்கு இறங்கும். 660 சீசீ வேகன் ஆரில் டர்போ இல்லாவிட்டால் இதைவிடச் சிறப்பாக எதுவும் கிடைக்காது.

ஆனால் விற்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது, அதை நான் மிகவும் பாரதூரமாக எடுக்கிறேன். கார்களை மோதவைத்துப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, காற்றுப்பை இல்லாத இந்தியத் தயாரிப்பு அல்டோ 800ஐ மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதிப் பார்த்து, 2014 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. பெரியவர்களின் பாதுகாப்புக்குக் கிடைத்த நட்சத்திரம் பூச்சியம். காரின் கூடே மோதலைத் தாங்கவில்லை என்றார்கள். இந்தக் குறையைக் கராஜில் யாராலும் சரிசெய்ய முடியாது. கே10 வாங்கச் சொன்னேனே, அதன் பழைய வடிவங்களிடமும் இந்த விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஜப்பானியச் சந்தைக்குச் செய்யப்பட்ட விட்ஸில் முன்னிருவருக்கும் காற்றுப்பையும் ஏபிஎஸும் கூடவே வருகின்றன.

ஆகவே நகரத்துக்குள் 30, 40இல் ஓடும் காருக்கு டயரும் பிரேக்கும் போட்டு, மிஞ்சியதில் 13 அங்குல அலோய் வீல் போடுங்கள்; கழற்றிய பழைய சில்லுகளை விற்காமல் வைத்திருங்கள், காரை வாங்க வருபவர் கேட்பார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தெற்கு அதிவேகப் பாதையில் 100இலும், யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியிலும் அடிக்கடி போகிறவர் டயரையும் பிரேக்கையும் தவிர வேறு எதற்கும் இந்தக் காரில் காசு போட வேண்டாம். சைலன்சருக்கும் பொடி கிட்டுக்கும் வைத்திருந்த தொகையைக் காற்றுப்பையுள்ள காருக்குச் சேர்க்கத் தொடங்குங்கள். மருமகனிடமும் இதையே சொல்லியிருக்கிறேன்.