பழைய பிரவுசரில் பக்கம் உடைகிறதா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

பழைய பிரவுசர் என்றதும் பலருக்கு ஐஇ (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்) 6தான் நினைவுக்கு வரும். அந்தக் காலம் போய்விட்டது. ஐஇ 11-க்கே 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் ஓய்வு கொடுத்துவிட்டது. இன்று நாம் கவலைப்பட வேண்டியவை வேறு. ஐபோன் 5எஸ், ஐபோன் 6 இரண்டும் ஐஓஎஸ் 12-ஐத் தாண்டாது, அதனால் அவற்றில் சஃபாரியும் 12-லேயே நிற்கிறது. விண்டோஸ் 7 கணினிகளுக்கு வந்த கடைசி குரோம் 109, அதுவும் 2023 ஜனவரியோடு சரி. இந்த இரண்டையும் எதிரில் வைத்து, டிசைன் உடைவதைச் சரிசெய்ய வழக்கத்தில் இருக்கும் நான்கு வழிகளையும் பார்ப்போம்.

முதல் வழி, பிரவுசரின் பெயரைப் பார்த்துத் தனியாகத் திருத்தம் எழுதுவது. ஐஇ காலத்தில் இது நன்றாகவே ஓடியது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி சிஎஸ்எஸ். அதில் ஃப்ளோட் (ஒரு பக்கமாக ஒதுக்குவது) கொடுத்த பெட்டிக்கு அதே பக்கம் மார்ஜின் (வெளி இடைவெளி) கொடுத்தால் ஐஇ 6 அதை இரண்டு மடங்காக்கும். டிஸ்ப்ளே இன்லைன் என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். அந்த வரியை, ஐஇ மட்டும் படிக்கும் கண்டிஷனல் கமெண்டுக்குள் வைத்தால் மற்ற பிரவுசர்களுக்குத் தெரியவே தெரியாது. ஐஇ 10-இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இப்போது மிச்சமிருப்பது யூசர் ஏஜென்ட்டை, அதாவது பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் பெயர்வரியைப் படித்து ஊகிப்பது மட்டுமே. அது நம்மை ஏமாற்றும். பழைய ஐபோனில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் இன்ஜின்தான். பெயர் குரோம், கோளாறு சஃபாரி 12-இனுடையது. இந்த வழியை இனிமேல் யாரும் புதிதாக எடுக்க வேண்டாம்.

இரண்டாவது, பாலிஃபில். பிரவுசரில் இல்லாததை ஜாவாஸ்கிரிப்ட்டால் செய்து காட்டுவது. ஐஇ 8-க்கு மீடியா குவரி (திரையின் அகலத்துக்கு ஏற்ப தோற்றத்தை மாற்றும் விதி) தெரியாதபோது ரெஸ்பாண்ட் ஜேஎஸ் என்ற பாலிஃபில் பெரிய உதவியாக இருந்தது. ஃபெட்ச், பிராமிஸ் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதிகளுக்கு இன்றும் பாலிஃபில் நல்லதுதான். லேஅவுட்டுக்கு (பெட்டிகளை அடுக்குவதற்கு) மட்டும் வேண்டாம் என்பேன். பக்கம் வந்த பிறகு ஸ்கிரிப்ட் ஓடி, ஒவ்வொரு பெட்டியையும் அளந்து, நகர்த்தி வைக்க வேண்டும். போனைத் திருப்பினால் மறுபடியும் அதே வேலை. பழைய பிரவுசர் பெரும்பாலும் பழைய போனில்தான் இருக்கிறது. இருப்பதிலேயே மெதுவான போனின் தலையில் கூடுதல் சுமையை ஏற்றுவது நியாயமில்லை.

மூன்றாவது, பில்டு நேரத்தில், அதாவது தளத்தை வெளியிடத் தயார்செய்யும்போது, டூல் வைத்து மாற்றுவது. ஆட்டோபிரிஃபிக்சர், போஸ்ட்சிஎஸ்எஸ், லைட்னிங் சிஎஸ்எஸ் எல்லாம் இந்த ரகம். எந்தெந்தப் பிரவுசர் வேண்டும் என்று பிரவுசர்லிஸ்ட் என்ற பட்டியலில் எழுதிவிட்டால், மிச்சத்தை டூல் பார்த்துக்கொள்ளும். நெஸ்டிங்கை (ஒரு விதிக்குள் இன்னொன்றை எழுதுவதை) எடுத்துக்கொள்ளுங்கள். குரோம் 109-க்கு அது புரியாது, டூல் பிரித்து எழுதிக் கொடுத்தால் புரியும். ஆனால் டூல் மாற்றுவது எழுதும் விதத்தைத்தான். பிரவுசரில் இல்லாத ஒரு நடத்தையை அது கொண்டுவந்துவிடாது. ஃப்ளெக்ஸுக்குள் (பெட்டிகளை ஒரே வரிசையில் அடுக்கும் முறை) போட்ட கேப் (பெட்டிகளுக்கு இடையிலான இடைவெளி) சஃபாரி 14.1-இல்தான் வந்தது, எத்தனை பிரிஃபிக்ஸ் (பிரவுசருக்கான முன்னொட்டு) சேர்த்தாலும் சஃபாரி 12-இல் இடைவெளி விழாது.

நான்காவதுதான் என் கட்சி. எல்லா பிரவுசருக்கும் புரிகிற எளிய லேஅவுட்டை முதலில் எழுதிவிட்டு, புதியதை அதற்குக் கீழே எழுதுவது. சிஎஸ்எஸ்ஸின் அடிப்படை விதியே இதற்குத் துணை நிற்கிறது. தெரியாத வரி வந்தால் பிரவுசர் அதை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். உயரத்துக்கு முதலில் 100 விஹெச் (திரை உயரத்தைக் கொண்டு அளக்கும் அலகு), அடுத்த வரியில் அதன் புதிய வடிவமான 100 டிவிஹெச் என்று எழுதினால் பழையது முதல் வரியை எடுத்துக்கொள்ளும், புதியது இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். காற்புள்ளி போட்டு எழுதிய செலக்டர்களில் (விதி எதற்கு என்று சொல்லும் பெயர்களில்) ஒன்று தெரியாவிட்டாலும் மொத்த விதியும் போய்விடும். அதனால் ஃபோகஸ் விசிபிள் போன்ற புதிய செலக்டர்களை எப்போதும் தனி விதியாக எழுதுங்கள்.

இந்த வழியிலும் சிக்கல் உண்டு. வரிசையாகக் கார்டுகள், ஃப்ளெக்ஸ், கேப் 16 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஐபோன் 6-இல் கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். சரி, அட் சப்போர்ட்ஸ் (ஒரு வசதி தெரியுமா என்று பிரவுசரைக் கேட்கும் சிஎஸ்எஸ் விதி) போட்டு கேப் தெரியுமா என்று கேட்கலாம் என்றால், தெரியும் என்று பதில் வரும். ஏனென்றால் கிரிட்டுக்கான (கட்டம் கட்டமாக அடுக்கும் முறைக்கான) கேப் சஃபாரி 12-க்குத் தெரியும். ஃப்ளெக்ஸுக்குள் தெரியுமா என்று தனியாகக் கேட்க வழி இல்லை. சிலர் அதற்குப் பதிலாக ஆஸ்பெக்ட் ரேஷியோ (அகல உயர விகிதம்) தெரியுமா என்று கேட்கிறார்கள். அது சஃபாரி 15-இல் வந்தது, அது தெரிந்த பிரவுசருக்கு ஃப்ளெக்ஸ் கேப்பும் தெரியும். கணக்கு சரிதான். ஆனால் ஒன்றைக் கேட்டு இன்னொன்றை முடிவு செய்வது, பின்னால் கோடைப் படிப்பவரைக் குழப்பும்.

இதைவிட நேரான தீர்வு, கார்டு வரிசையைக் கிரிட்டுக்கு மாற்றிவிடுவது. கிரிட் சஃபாரி 10.1-லேயே, 2017 மார்ச்சில் வந்துவிட்டது. திரைக்கு ஏற்ப எத்தனை கட்டம் என்று தானாக முடிவு செய்யும் ஆட்டோஃபில், மின்மேக்ஸ் இரண்டும் அப்போதே உண்டு. அதே 16 பிக்சல் கேப் ஐபோன் 6-இலும் அப்படியே விழும். ஒரு ஹேக் கூடத் தேவையில்லை. ஃப்ளெக்ஸேதான் வேண்டும் என்கிற இடத்தில் பிள்ளைகளுக்கு (உள்ளே இருக்கும் பெட்டிகளுக்கு) மார்ஜின், தாய்ப்பெட்டிக்கு நெகட்டிவ் மார்ஜின் என்ற பழைய முறை இன்றும் வேலை செய்கிறது.

கிரிட்டே தெரியாத பிரவுசரையும் விடக்கூடாது என்றால், கார்டுக்கு ஃப்ளோட்டும் 48 சதவீத அகலமும் கொடுத்துவிட்டு மேலே கிரிட் போடலாம். கிரிட்டுக்குள் ஃப்ளோட் தானாகச் செல்லாததாகிவிடும். ஆனால் 48 சதவீதம் அப்படியே நிற்கும், கார்டு தன் கட்டத்தில் பாதிதான் நிரம்பும். அட் சப்போர்ட்ஸுக்குள் அகலத்தை மறக்காமல் ஆட்டோ ஆக்க வேண்டும்.

தமிழ்த் தளம் நடத்துபவர்களுக்கு இன்னொன்று. ‘பயன்படுத்திக்கொண்டிருப்பவர்களுக்காக’ மாதிரி நீளச்சொல் சின்னத் திரையில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நீளச்சொல்லை உடைக்கும் ஓவர்ஃப்ளோ ராப்பில் எனிவேர் என்று எழுதினால் இப்போதைய பிரவுசர்களில் தீர்ந்துவிடும். சஃபாரிக்கு அது 15.4-இல்தான் வந்தது. அதற்குப் பதில் பிரேக் வேர்ட் எழுதி, ஃப்ளெக்ஸ் பிள்ளைக்கு மின் விட்த் (குறைந்தபட்ச அகலம்) பூஜ்யம் கொடுங்கள், பழையதிலும் அடங்கும்.

நீங்கள் எடுக்கும் ஃபிரேம்வொர்க்கே (ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பே) பழைய பிரவுசரைக் கைவிட்டிருந்தால் இந்த உழைப்பு அவ்வளவும் வீண். உதாரணத்துக்கு, டெயில்விண்ட் 4 என்ற ஃபிரேம்வொர்க் கேட்பது குரோம் 111, சஃபாரி 16.4, ஃபயர்ஃபாக்ஸ் 128. விதிகளை அடுக்குகளாகப் பிரிக்கும் அட் லேயர் புரியாத சஃபாரி 12 அந்தத் தொகுதி முழுவதையும் தூக்கி எறிந்துவிடும், அலங்காரமே இல்லாத வெறும் பக்கம்தான் மிஞ்சும். பழைய பிரவுசர் வேண்டுமென்றால் 3.4-லேயே இருங்கள் என்று டெயில்விண்ட்காரர்களே சொல்கிறார்கள். உங்கள் வாசகர்களில் ஐபோன் 6-உம் விண்டோஸ் 7-உம் வைத்திருப்பவர்கள் இருந்தால் அந்தப் பேச்சைக் கேளுங்கள்.