மாருதி 800: காற்றும் பெற்றோலும் மாற்றி நான்கு வருடம்

எங்கள் வீட்டுக் கார், காற்றையும் பெற்றோலையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்புகிற காபரேட்டர் வைத்த பழைய மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், புதிதாக இருந்தபோதே 37 குதிரைவலுதான். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் லொறியொன்றை முந்தப் போனால் இஞ்சின் கத்தும், கார் நகராது. வன்னியில் மாங்குளத்திலிருந்து வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் போய்வருகிற எனக்கு அந்த முந்தல்தான் பயம். இழுவையைக் கூட்ட, இஞ்சினுக்குப் போகிற காற்றையும் பெற்றோலையும் மாற்றுகிற வேலையை 2021 கடைசியில் தொடங்கினேன்.

முதலில் செய்தது பிழை. காற்றை வடிகட்டுகிற எயார் கிளீனர் பெட்டியைக் கழற்றிவிட்டு, பெட்டியில்லாத கூம்பு பில்டர் பூட்டினேன். காலையில் கார் துடிப்பாக ஓடியது. மத்தியானம் கனகராயன்குளம் தாண்டும்போது முன்பைவிடச் சோர்ந்தது. கூம்பு பொனற்றுக்குள்ளே திறந்தபடி நின்று ரேடியேற்றர் சூட்டை இழுக்கிறது. வெளியே 32 பாகையில் இருக்கும் காற்று உள்ளே 60 பாகைக்குச் சூடானால் அதன் அடர்த்தி பன்னிரண்டில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

அதைவிட மோசம் புழுதி. ஒட்டுசுட்டான் பக்கத்து உள்வீதிகளில் கிரவல் தூள் மாவு போல எழும்பும். இரண்டு மாதம் கழித்து பில்டருக்குப் பின்னாலுள்ள குழாயில் விரலை விட்டுப் பார்த்தேன். சிவப்பாக வந்தது. அந்தத் தூள் உள்ளே போனால் சிலிண்டர் சுவரையும் றிங்கையும் அரம் போலத் தேய்க்கும். அன்றே கழற்றினேன்.

பழைய பெட்டியும் கடதாசி பில்டரும் திரும்ப வந்தன. பெட்டியின் மூக்கிலிருந்து இரண்டரை அங்குலக் குழாயொன்றை முன் கிரில்லுக்குக் கொண்டுபோய், வாயை ஹெட்லைட்டுக்கு மேலே வைத்தேன். பம்பருக்குக் கீழே இறக்கினால் இன்னும் குளிர்ந்த காற்று வரும் என்றார்கள். மார்கழியில் குளம் வான் பாய்ந்து வீதியில் தண்ணீர் நிற்கிற இடம் இது. தண்ணீர் நசுங்காது, ஒரு மிடறு உள்ளே போனாலும் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் றொட் வளைந்துவிடும்.

பெற்றோல் பக்கம்தான் நிறைய நாள் தின்றது. காபரேட்டரில் பெற்றோல் வருகிற துளையான மெயின் ஜெட்டை இரண்டு படி பெரிதாக்கினேன். இழுவை வந்தது, ஆனால் லீட்டருக்கு 17 கிலோமீற்றர் ஓடிய கார் 13க்கு இறங்கியது. 2022 இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை தொடங்கி, காருக்கு வாரம் 20 லீட்டர் என்று வந்தபோது அது தாங்கவில்லை. கிளிநொச்சியில் கார் திருத்துகிற வயதான பாஸ் ஒருவரிடம் போனேன். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டவைத்தவர்களில் அவரும் ஒருவர். "தம்பி, ஜெட்டை மாத்த முதல் பிளக்கைக் கழட்டிக் காட்டும் பாப்பம்" என்றார். மூன்றும் கரி, பெற்றோல் கூடப் போகிறது என்று அர்த்தம். ஜெட்டை ஒரு படி இறக்கி, காபரேட்டருக்குள் பெற்றோல் நிற்கிற உயரத்தைப் பிடிக்கிற மிதவை மட்டத்தைச் சரிசெய்து, வால்வு இடைவெளியும் பிளக்கில் பொறி விழுகிற நேரமான டைமிங்கும் பார்த்தார். பெற்றோல் முழுதாக எரிய ஒரு பங்குக்குக் காற்று எடையில் 14.7 பங்கு வேண்டும். முழு வலு வேண்டுமானால் 13 பங்குக்குக் கிட்ட நிற்க வேண்டும். காற்று அதற்கும் குறைந்தால் மிஞ்சுகிற பெற்றோல் கரியும் புகையும்தான்.

பெரிய மின்சார பம்ப் பூட்டச் சொல்கிறவர்களும் உண்டு. இஞ்செக்‌ஷன் காருக்கு உரிய பம்பின் அழுத்தத்தை காபரேட்டரின் ஊசி வால்வு தாங்காது, பெற்றோல் வழிந்து தீப்பிடிக்கலாம். தயவுசெய்து வேண்டாம்.

சரி, கிடைத்தது என்ன? மூன்றாம் கியரில் 50 இலிருந்து 80க்குப் போக பதினொரு வினாடி எடுத்தது இப்போது ஒன்பதரை. அதில் பாதியாவது வால்வும் டைமிங்கும் தந்ததுதான் என்று நினைக்கிறேன். அதனால் அந்த வேலையை முதலில் செய்துவிட்டு, அப்புறம் குழாயைப் பற்றி யோசியுங்கள். லீட்டருக்கு 16 ஓடுகிறது. கடதாசி பில்டரை 5,000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் மாற்றுகிறேன், கோடையில் அதற்கும் முன்னதாக.

போன ஞாயிறு முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து பிளக்குகளைக் கழற்றினேன். மூன்றும் பிஸ்கட் நிறம், கலவை சரி. பில்டருக்குப் பின்னால் குழாயை வெள்ளைத் துணியால் துடைத்தேன், துணி வெள்ளையாகவே வந்தது.