குண்டுக்குழிகளைத் தேட கூகுள் எர்த் ப்ரோ: ஒரு மதிப்பீடு

1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகளைக் கொட்டிய லாவோஸில், அவை பறித்த குழிகள் இன்று மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகின்றன என்று அறியவே, செயற்கைக்கோள் படங்களால் ஆன வரைபட மென்பொருளான கூகுள் எர்த் ப்ரோவைச் சில வாரங்கள் தொடர்ந்து பயன்படுத்தினேன். ஆண்டுக்கு 399 டாலர் கட்டணத்தில் விற்கப்பட்ட இம்மென்பொருள் 2015 ஜனவரி முதல் இலவசமாகக் கிடைக்கிறது.

தொடங்குவதற்கு ஏற்ற இடம், போன்சவன் நகரை ஒட்டிய சாடிச் சமவெளி. பழங்காலக் கல்சாடிகளுக்காக 2019இல் உலக மரபுச் சின்னமான இப்பகுதியின் பெரும்பகுதி புல்வெளி என்பதால், குழிகளை மரங்கள் மறைப்பதில்லை. ஆனாலும் முதல் நாள் எனக்கு அவை குழிகளாகவே தெரியவில்லை, மண்மேடுகளாகத்தான் தெரிந்தன. வெளிச்சம் மேலிருந்து விழுவதாக எண்ணிப் பழகியது நம் கண். அங்கோ சூரியன் பெரும்பாலும் தெற்கிலிருந்து, அதாவது படத்தின் கீழ்ப்புறத்திலிருந்து, ஒளி வீசுகிறது. திசைகாட்டி வளையத்தை இழுத்துப் படத்தைத் தலைகீழாகத் திருப்பியதும் மேடுகள் அத்தனையும் பள்ளங்களாயின. இந்த வளையம் ஒன்றுக்காகவே மென்பொருளைப் பாராட்டலாம்.

வட்டமாக இருப்பதெல்லாம் குண்டுக்குழி ஆகிவிடாது. சுண்ணாம்புப் பாறை மிகுந்த லாவோஸில் நிலம் தானே உள்வாங்கி உண்டாகும் பள்ளங்களும் வட்டமாகவே இருக்கும். அளவுகோல் கருவியால் விட்டத்தை அளந்து, ஏறத்தாழ ஒரே அளவுள்ள குழிகள் சீரான இடைவெளியில் நேர்கோடாகச் செல்கின்றனவா என்று பார்ப்பதே நம்பகமான வழி. நூறு குண்டுகள் வரை சுமந்த பி-52 விமானம் அவற்றை வரிசையாக உதிர்த்துச் சென்ற தடம் அது. தனித்து நிற்கும் ஒரு வட்டத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடிகாரச் சின்னத்தைச் சொடுக்கினால் வரும் பழைய படங்களின் வரிசை மற்றொரு நல்ல வசதி. மழைக்காலப் படத்தில் நீர் நிறைந்த வயல்களுக்கிடையே அடையாளம் தெரியாமல் போகும் குழி, கோடைப் படத்தில் நீர் தேங்கிய வட்டமாகத் தனித்துத் தெரியும். ஆனால் வார்சாவுக்கு 1935, 1945 ஆகிய ஆண்டுகளின் வான்படங்கள் வரை தரும் இவ்வசதி, லாவோஸைப் பொறுத்தவரை போர் முடிந்து பல்லாண்டுகள் கழித்தே தொடங்குகிறது. அதற்குள் உழவர்கள் தூர்த்துவிட்ட குழிகள் எத்தனையோ!

இக்குறையை ஓரளவு சரிசெய்ய வழி உண்டு. போர்க்காலத்தில் எடுக்கப்பட்டு 1995இல் ரகசியம் நீக்கப்பட்ட, ‘கொரோனா’ என்ற அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் படங்களை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தளத்திலிருந்து பெற்று, இம்மென்பொருளின் வரைபடத்தின் மேல் விரிக்கலாம். அகலவாக்கில் வளைந்து பதிவான படங்கள் என்பதால் முழுப் படச்சுருளையும் பொருத்த முயல்வது வீண். சிறு துண்டாக வெட்டி, ஆற்று வளைவையும் சாலைச் சந்திப்பையும் அடையாளமாகக் கொண்டு மூலைகளை நகர்த்தினால் ஏறக்குறைய பொருந்திவிடுகிறது. பொறுமை தேவைப்படும் வேலைதான்.

வரலாற்று ஆர்வலர்களுக்கும் மாணவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் எங்கே நடக்கலாம், எங்கே தோண்டலாம் என்று முடிவு செய்ய இதை எவரும் நம்பக்கூடாது. குழி என்பது வெடித்துவிட்ட குண்டின் தடயம். லாவோஸில் விழுந்த கொத்துக்குண்டுகள் வானில் திறந்து சிதறவிட்ட 27 கோடிக்கும் அதிகமான சிறுகுண்டுகளில் ஏறத்தாழ 30 சதவீதம் வெடிக்கவில்லை என்று மதிப்பிடப்படுகிறது. கைக்குள் அடங்கும் அவற்றை எந்தச் செயற்கைக்கோள் படமும் காட்டாது. ஜெர்மனியின் ஒரானியன்பர்க் நகரில் வல்லுநர்கள் இரண்டாம் உலகப் போர்க்கால வான்படங்களை உருப்பெருக்கிப் பார்ப்பதும் பெரிய குழிகளுக்காக அன்று. அவற்றின் நடுவே, வெடிக்காத குண்டு மண்ணைத் துளைத்துச் சென்ற சிறு துளைக்காக.