மரம் போன சரிவுக்குத் தென்னை நார் வலை: வாங்கலாமா?

மேல்மண் கரைந்து ஓடாமல் இருக்க வேண்டுமா, தாராளமாக வாங்கலாம். நிலச்சரிவைத் தடுக்கத்தான் என்றால் காசு வீண். கடையில் இரண்டுக்கும் இதே வலையைத்தான் எடுத்துப் போடுவார்கள்.

நீலகிரியில் சோலை போய்த் தேயிலை வந்தது, தேயிலை போய்க் காய்கறியும் கட்டடமும் வந்தன. மரத்தை வெட்டிய வருடமே மண் சரிந்துவிடாது. அடியில் கிடக்கும் வேர் மக்கச் சில வருடங்கள் ஆகும், அதுவரை பிடிமானம் இருக்கும். ஒன்றும் ஆகவில்லையே என்று நம்பி வீட்டையும் கட்டிய பிறகுதான் ஒரு பெருமழையில் சரிவு இறங்கும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது; அந்த மழையில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆளுயர ஆழத்தில் வழுக்கும் மண்ணை எந்த வலையும் பிடிக்காது. அதற்கு வடிகாலும் தடுப்புச் சுவரும் வேண்டும், பொறியாளரும் வேண்டும்.

இனி வலைக்கு வருவோம். சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் என மூன்று எடையில் கிடைக்கும். மிதமான சரிவுக்கு 400 போதும். செங்குத்தாக வெட்டிய வரப்புக்கும் தண்ணீர் விரைந்து இறங்கும் இடத்துக்கும் 700 அல்லது 900. 2 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளமுள்ள 700 கிராம் சுருள் 70 கிலோ இருக்க வேண்டும். ஈர நாரும் எடை காட்டும், ஆகவே ஒரு சதுர மீட்டர் துண்டை நன்றாகக் காயவைத்து நிறுத்துப் பாருங்கள்.

சரிவின் பரப்பைவிட 20 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதற்கும் சரிவின் தலையில் வெட்டும் பள்ளத்தில் மடிப்பதற்கும் அது போய்விடும்.

விரிப்பதில்தான் பெரும்பாலும் கெடுகிறது. முதலில் மேலிருந்து வரும் தண்ணீரைப் பக்கவாட்டு வாய்க்காலில் திருப்புங்கள். கல், கட்டை, குழி எல்லாம் சமன் செய்து புல்விதை தூவுங்கள். சரிவின் தலையில் ஓரடி ஆழ, ஓரடி அகலப் பள்ளம் வெட்டி, வலையின் நுனியை உள்ளே மடித்து, கம்பி அடித்து, மண் போட்டு மிதிக்க வேண்டும். பிறகு மேலிருந்து கீழாக உருட்டுங்கள். பக்கத்துச் சுருளின் ஓரத்தின்மேல் 15 செ.மீ. ஏறட்டும். நீளவாக்கில் இணைக்கும்போது மேல் துண்டு கீழ்த் துண்டின்மேல் வரவேண்டும், ஓடு வேய்வதுபோல. மாற்றிப் போட்டால் தண்ணீர் அடியில் புகும்.

இழுத்துக் கட்டுவது அடுத்த தவறு. வலை விறைப்பாக நின்றால் குழிவுகளில் மண்ணைத் தொடாது. மேலே பார்க்க அழகாக இருக்கும், அடியில் விரல் தடிமனுக்கு ஓடை அறுத்துக்கொண்டிருக்கும். கையால் அழுத்தினால் எங்கும் பொந்து தெரியக்கூடாது. 6 மி.மீ. கம்பியை ‘ப’ வடிவில் வளைத்து, ஓரடி நீளக் கால்களோடு மீட்டருக்கு ஒன்றும், ஓரங்களில் அரை மீட்டருக்கு ஒன்றும் அடியுங்கள். இளகிய மண் என்றால் ஒன்றரை அடி நீளம் தேவை.

நார் இரண்டு மூன்று வருடத்தில் மக்கிவிடும். அதற்குள் வேர் பிடித்தாக வேண்டும். வெட்டிவேர்க் கரணைகளைச் சரிவுக்குக் குறுக்கே, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் வலைக்கண் வழியே நடலாம். நிழலில் அது தேறாது, ஊட்டிபோல உறைபனி விழும் உயரத்திலும் திணறும். அங்கெல்லாம் பக்கத்துச் சரிவிலேயே விளையும் புல்லைப் பெயர்த்து நடுவது மேல். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஜூனில் வேலையை முடித்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் இறங்கியிருக்கும். தென்மேற்கு மழை அடித்து ஊற்றும் கூடலூர், பந்தலூருக்கு ஏப்ரல் கோடைமழையே சரியான தருணம்.

சணல் வலை மலிவுதான், ஆனால் ஒரு வருடம் தாண்டுவது கஷ்டம். பிளாஸ்டிக் வலை மக்காது, பாம்பும் ஓணானும் அதில் சிக்கிச் சாகும்.

மேட்டில் பிறைவடிவ வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், புதிதாகக் கசியும் ஊற்று, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சுருளை வாங்காமல் வருவாய்த்துறைக்குத் தகவல் கொடுங்கள்.