பில்ட் தேடித் தரும் ஏஐ ஏஜென்ட்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பினாங்கில் மென்பொருள் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு, அதிலும் பாயான் லெப்பாஸ் பக்கம் சின்ன டீம் வைத்து நடத்துபவர்களுக்கு இந்தப் பதிவு. நிரலைத் தானாகவே கட்டிச் சோதிக்கும் ஜென்கின்ஸ் என்ற மென்பொருளில் குவிந்து கிடக்கும் பில்ட் முடிவுகளை (ஒவ்வொரு முறை கட்டிச் சோதித்ததன் முடிவுகளை) பேச்சு வழக்கில் கேட்டாலே தேடி, வடிகட்டித் தரும் என்று சொல்லி ஒரு ஏஐ ஏஜென்ட் கருவியை ஆபீஸ் ஆபீஸாக வந்து விற்கிறார்கள். நாங்கள் ஆண்டுச் சந்தா கட்டி வாங்கினோம். 6,800 வெள்ளி (ரிங்கிட்). தேடாமலே தேடியது போலப் பதில் சொல்லும் கருவி அது.

ஆலைகளில் அளவைக் கருவிகளைச் சோதிக்கும் மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. ஒவ்வொரு கமிட்டுக்கும் (நிரலில் செய்து சேமிக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும்) ஒரு பில்ட் ஓடும், ராத்திரி பில்ட்கள் வேறு. எந்தச் சோதனை எந்த பில்டில் முதலில் தோற்றது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிப்பது அலுப்பான வேலைதான். விற்க வந்த தம்பி சரியாக அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க கேட்டா போதும், மத்ததை அது பாத்துக்கும்" என்று தன் மடிக்கணினியில் காட்டினார். கேட்டதற்கெல்லாம் சரியான பதில் வந்தது. அவர் காட்டியது அவர்களுடைய மாதிரி சர்வரில். அதில் மொத்தமே சில பத்து பில்ட்கள்தான் இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு வாடிக்கையாளரின் ஆலையில் அளவீடு பிசகுகிறது என்று புகார் வந்தபோது குட்டு வெளிப்பட்டது. அந்த அளவீட்டுக்கான சோதனை கடந்த மூன்று மாதத்தில் எப்போதெல்லாம் தோற்றது என்று ஏஜென்ட்டைக் கேட்டோம். அந்தக் காலத்தில் தோல்வி எதுவுமே இல்லை என்று அடித்துச் சொன்னது. டீமில் இருக்கும் ஒரு பெண் அதை நம்பாமல் நேராக ஜென்கின்ஸ் ஏபிஐயிலேயே (வேறு நிரல்கள் அதனிடம் தரவு கேட்கும் வழியிலேயே) கேட்டுப் பார்த்தார். தோல்விகள் வரிசையாக வந்து விழுந்தன.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஜென்கின்ஸிடம் ஒரு வேலையின் பில்ட் பட்டியலை வெறுமனே கேட்டால், புதிதாக ஓடிய 100 பில்ட்களை மட்டும்தான் கொடுக்கும். முழுப் பட்டியல் வேண்டுமானால் 'ஆல்பில்ட்ஸ்' என்று தனியாகக் கேட்க வேண்டும். இந்தக் கருவி முதல் வகையில் கேட்டு, கையில் கிடைத்த 100ஐ வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டது. எங்கள் வேகத்துக்கு 100 பில்ட் ஒரு வாரம்கூடத் தாங்காது. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு, யாரும் கடன் பாக்கி இல்லை என்று சொல்வது போல.

அந்த 100க்குள்ளாவது ஒழுங்காகப் பார்த்ததா என்றால் அதுவும் இல்லை. நிரல் கம்பைல் ஆகி (இயங்கும் வடிவுக்குப் பிழையில்லாமல் மாறி), சோதனைகள் மட்டும் தோற்றால், ஜென்கின்ஸ் பெரும்பாலும் அந்த பில்டை 'ஃபெயிலியர்' என்று குறிப்பதில்லை. 'அன்ஸ்டேபிள்' என்று மஞ்சளில் காட்டும். கருவி வடிகட்டியது 'ஃபெயிலியர்' மட்டும். அதாவது நாங்கள் எதைத் தேடினோமோ, சரியாக அதையே கழித்துக் கட்டியிருக்கிறது. நாள் கணக்கை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வைத்திருந்தது இன்னொரு கூத்து. மலேசிய நேரம் எட்டு மணி நேரம் முன்னால் இருப்பதால், விடியற்காலை ஓடிய பில்ட்கள் எல்லாம் முந்தின நாள் கணக்கில் போய்ச் சேர்ந்தன.

தம்பிக்கு போன் போட்டேன். "அண்ணே, ஏஐதானே, சில சமயம் தப்பு வரத்தான் செய்யும்" என்றார். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏஐயின் மொழி மாடலே இல்லாததைக் கற்பனையாக உளறியிருந்தால் அந்தப் பேச்சு பொருந்தும். இங்கே தப்பு ஏஐயில் இல்லை, அதற்குத் தரவை எடுத்துக் கொடுக்கும் சாதாரண நிரலில் இருக்கிறது. அப்புறம் அவர்களுடைய டெக்னிக்கல் ஆளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: இந்த வரம்பு ஏற்கெனவே தெரிந்ததுதானாம், விலை கூடிய திட்டத்துக்கு மாறினால் நீங்கிவிடுமாம். தெரிந்தே மறைத்து விற்றிருக்கிறார்கள் என்று நான் சொல்வது அந்த மின்னஞ்சலை வைத்துத்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். திருப்பித் தரப்படாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமே என்று சிலர் சொன்னார்கள். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே 5 வெள்ளி கட்டணத்தில் பதியலாம் என்பது உண்மை. ஆனால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த உபயோகத்துக்கும் வீட்டுத் தேவைக்கும் வாங்குவதைப் பற்றியது. கம்பெனி பெயரில், கம்பெனி வேலைக்கு வாங்கியதற்கு அந்த வழி உதவாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை.

இத்தனைக்கும் இந்த மாதிரி இணைப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏஐ கருவிகளை வெளி மென்பொருளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையை ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்டது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தன்னுடைய எம்சிபி சர்வரை 2025இல் திறந்த மூலமாகக் கொடுத்தது. ஜென்கின்ஸுக்கும் எம்சிபி பிளகின் இருக்கிறது. இலவசம் என்பதற்காக அப்படியே நம்பிவிட வேண்டாம். கிட்ஹப் ஏபிஐயும் கேட்காவிட்டால் ஒரு பக்கத்துக்கு 30 பதிவுகள்தான் தரும், கேட்டாலும் 100க்கு மேல் தராது. அடுத்த பக்கத்துக்குப் போகத் தெரியாத கருவி அங்கேயும் இதே கதையைத்தான் சொல்லும்.

யாராவது உங்களிடம் விற்க வந்தால், மாதிரி சர்வரில் காட்ட விடாதீர்கள். உங்கள் சர்வரில், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பழைய, மஞ்சள் நிற பில்ட் ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எந்தக் கோரிக்கையை அனுப்பியது, எத்தனை பில்ட்களைப் பார்த்தது என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். எங்களுடையது கடைசிவரை அதைக் காட்டவில்லை. அட்மின் டோக்கன் (நிர்வாகி உரிமையோடு உள்ளே போக உதவும் ரகசியச் சாவி) கேட்பார்கள், கொடுக்காதீர்கள். ஜென்கின்ஸ் டோக்கனுக்கு அதை உருவாக்கிய பயனரின் உரிமை அத்தனையும் உண்டு. படிக்க மட்டும் அனுமதி உள்ள தனிப் பயனரை உருவாக்கி அதன் டோக்கனைக் கொடுங்கள், விலகும் நாளிலேயே அதை ரத்து செய்துவிடுங்கள்.

இப்போது பட்டர்வொர்த் பக்கம் மாதிரிக்கு வைத்திருக்கும் அதே சர்வரைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி. அங்கே இருப்பவர்களுக்கு இதை அனுப்பிவிடுங்கள்.